ஜூரிகள் கேட்காத பெயர்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மதுரை மகாலில் நடந்த செஷன்ஸ் கோர்ட்டில் ஐந்து ஜூரிகளும் எழுந்து ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். கடைசியாகப் போனவர் தூணருகில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்தவரை இலை போட்ட பிறகு எழுப்பிவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

கோர்ட் செய்தி எழுத வந்திருக்கும் உங்களுக்கு ஜூரி என்பதே பழங்கதை. முப்பதுகளில் மதுரையில் கொள்ளை, வழிப்பறி போன்ற வழக்குகளுக்கு ஜூரி உண்டு. கடைக்காரர், வாத்தியார், மிராசுதார் என்று ஊரில் ஐந்து பேரைப் பொறுக்கி உட்கார வைப்பார்கள். குற்றவாளியா இல்லையா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகிற வழியில் காபி கிளப் இருக்கும். காபி கிளப் மேசையில், நான் நிருபராக இருந்த மாலைப் பத்திரிகை கிடக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எழுமலையிலிருந்து புளி விற்க வந்த வியாபாரி ஒருவர், வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றை நோக்கி நடந்தார். யாரோ பின்னாலிருந்து தடியால் மண்டையில் அடித்தார்கள். விழுந்தவரின் காதிலிருந்த கடுக்கன்களைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு காது மடல் கிழிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, ஊருக்குத் திரும்பினார். ஊரில் காலரா வந்தது. வழக்கு மாஜிஸ்திரேட் முன் வருவதற்குள் அவர் இறந்துபோனார்.

கூண்டில் நின்றவர் சிக்கந்தர். கோரிப்பாளையம் முனையில் ஜட்கா நிறுத்தும் வண்டிக்காரர். அடி விழுந்த நேரத்தில் அவருடைய வண்டி ஆள் இல்லாமல் நின்றதைப் பார்த்ததாக ஒரு சாட்சி. வண்டியில் ஒரு தடி இருந்ததாகப் போலீஸ். எந்த ஜட்காவில் தடி இருக்காது? ஆனாலும் நிரூபணமானால் ஏழு வருடத்துக்குக் குறையாது. அவர் மனைவி குதிரையை விற்காமல், தீனி போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்று இருபதுக்கு நடந்தது இது. சாட்சிக் கூண்டில் நின்ற ஏட்டிடம் சர்க்கார் வக்கீல், ஆஸ்பத்திரியில் வியாபாரி உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். ஏட்டு வாயைத் திறப்பதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். நீதிபதி ஜூரிகளை வெளியே அனுப்பினார். மகாலில் பேசினால் குரல் விதானத்தில் மோதி எங்கெங்கோ போய் இறங்கும். அதனால் கோர்ட்டுச் சேவகரான டவாலி அவர்களை இன்னும் இரண்டு தூண் தள்ளி, புறாக்கள் எச்சமிடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பிறகு வாதம். எல்லாம் இங்கிலீஷில். நடுவில் ஏட்டு எழுதிய வாக்குமூலம் மட்டும் தமிழில் வாசிக்கப்பட்டது. “என்னை அடித்தவன் ஜட்கா சிக்கந்தர்.”

என் பென்சில் அந்த வரியைத் தானாகவே எழுதிக்கொண்டது. செத்துப்போனவர் பெயர் சொல்லியிருக்கிறார்! அந்த வாரம் முழுக்க மதுரையில் அதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும், பிரிவு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒருவர் சொல்லக் கேட்டதை இன்னொருவர் வந்து சாட்சியாகச் சொல்ல முடியாது. சொன்னவரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது மரண வாக்குமூலம். சாகிறவர் தன் சாவுக்குக் காரணம் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புளி வியாபாரி அடிபட்டுச் சாகவில்லை. காலராவில் செத்தார். அவர் சாவைப் பற்றி இங்கே வழக்கே இல்லை. எனவே அவர் சொன்னது மரண வாக்குமூலம் ஆகாது, வெறும் கேள்விச் செய்தி. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் சொன்னார். கால் மணி நேரம் வாதாடிய பின் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஜூரிகள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சர்க்கார் வக்கீல் ஏட்டிடம் வேறு கேள்வி கேட்டார். அன்றைய விசாரணை முடிந்தது.

நான் தெற்கு மாசி வீதியிலிருந்த எங்கள் அச்சகத்துக்கு நடந்து போனபோது வாசலில் வால்போஸ்டர் காய்ந்துகொண்டிருந்தது. மர எழுத்தில், தேங்காய் அளவுக்கு: “செத்தவர் சொன்ன பெயர்!”

முதலாளியின் மைத்துனர் எனக்கு முன்னால் ஓடி வந்திருந்தார். பத்திரிகைக்கு விளம்பரம் பிடிப்பது அவர் வேலை. வேலை இல்லாத நேரத்தில் கோர்ட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கால் மணி நேர வாதத்தில் அவருக்குப் புரிந்தது தமிழில் வாசித்த அந்த ஒரே வரி. நீதிபதி அதைத் தள்ளிவிட்டது அவருக்குத் தெரியாது.

“மச்சான், நான் காதால கேட்டேன். ஏட்டய்யா எழுதினத அப்படியே வாசிச்சாங்க,” என்றார் முதலாளியிடம். என்னைப் பார்த்துச் சிரித்தார். “இவரு ஆடி அசஞ்சு வாராரு. பேப்பரு அம்புட்டுக்கும் எழுத்துக் கோத்தாச்சு.”

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த வரி விலக்கப்பட்டுவிட்டது, ஜூரிகள் காதில் விழக்கூடாது என்றுதான் அவர்களை வெளியே நிறுத்தினார்கள், நாம் அச்சடித்தால் அவர்கள் காபி கிளப்பில் உட்கார்ந்து படித்துவிடுவார்கள் என்றேன்.

முதலாளி கெட்டவர் அல்ல. கேள்வியும் நியாயமானதுதான். கோர்ட்டில் வாயைத் திறந்து வாசித்ததுதானே, நாம் கதை கட்டவில்லையே என்று கேட்டார். பொய்யை அச்சடித்தால் தப்பு, நடந்ததை அச்சடித்தால் என்ன தப்பு என்றார். கோர்ட்டை அவமதித்த குற்றமாகும் என்றேன். அதற்கு அவர் பயப்படவில்லை. நீதிபதி கூப்பிட்டுக் கண்டித்தால் அதையும் மறுநாள் செய்தியாகப் போடலாம் என்று நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“யோவ், நீரு யாரு பக்கம்?” என்று கடைசியில் கேட்டார். “நம்ம பக்கமா, வக்கீலு பக்கமா?”

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த வரியை அச்சில் பார்க்க ஆசை இருந்தது. அது உண்மை என்றே நானும் நினைத்தேன். அடிபட்டவருக்குத் தெரியாதா அடித்தவன் யாரென்று? சட்டம் சட்டமாக இருக்கட்டும், அதற்காக உண்மை பொய்யாகிவிடுமா? கம்போசிட்டர் எழுத்துக் கோத்த சட்டமான பாரத்தை முடுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடத்தில் அச்சு ஓடத் தொடங்கும்.

அப்போதுதான் இப்ராகிம் பாய் வந்தார். கோரிப்பாளையத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். அந்தப் பேட்டையில் கல்யாணமோ சண்டையோ அவர் இல்லாமல் முடியாது. மறுநாள் சிக்கந்தருக்கு நன்னடத்தைச் சாட்சி சொல்ல அவரைத்தான் வக்கீல் அழைத்திருந்தார். அவர் அச்சகத்துக்கு வந்த காரணம் வேறு. தன் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

“வெறும் இப்ராகிம்னு போட்றாதீங்கண்ணே. எங்க வாப்பா பேரு, கடைப் பேரு எல்லாம் சேத்துப் போடுங்க. போன தடவ பள்ளிவாசல் கூட்டத்துக்கு யாரோ இப்ராகிம்னு போட்டுட்டீங்க. எங்க வீட்டுல ஒரு வாரம் சிரிச்சாங்க.”

முதலாளி சிரித்தார். “அதெல்லாம் போட்ருவோம் பாய். ஆனா ஒங்க சாட்சி எடுபடுமா? செத்த மனுசனே பேரச் சொல்லிட்டுப் போயிட்டாரே.” வாசலைக் காட்டினார்.

இப்ராகிம் பாய் போஸ்டரைப் படித்தார். உரக்கப் படிக்காமல் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தார். பிறகு அங்கே கிடந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

“அந்தப் பேர அவருக்குச் சொன்னதே நாந்தானே,” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நான் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

“வெளியூரு மனுசன், நம்ம பேட்டையில வந்து அடிபட்டுக் கெடக்காரு. போயிப் பாக்காம இருந்தா நல்லாருக்குமா? ரெண்டாம் நாளு பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டுப் போனேன். தலையில கட்டு. ‘பாய், அந்த முனையில ஒரு வண்டி நின்னுச்சே, அது யாருது’னு கேட்டாரு. ‘நம்ம சிக்கந்தரு வண்டிதான், வேற எவனும் அந்த நேரத்துல நிக்க மாட்டான்’னேன். ‘தேறினதும் அவன் வண்டியிலயே ஸ்டேசனுக்குப் போங்க, நம்பிக்கையான பய, கூலிகூட நான் சொன்னா வாங்க மாட்டான்’னேன். அவரு ‘சிக்கந்தரா, சிக்கந்தரா’ன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டாரு. மறந்துறக் கூடாதுன்னு சொல்றாரு போலன்னு நெனச்சேன்.”

மூன்றாம் நாள்தான் ஏட்டு வந்து வாக்குமூலம் எழுதியிருக்கிறார்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் உண்மை என்று நினைத்த வரி அது. வியாபாரி பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்காதவர், வண்டியைப் பார்த்தவர், வண்டிக்கு ஒரு பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிய பெயரை நம்பினார். அவரைக் கூண்டில் ஏற்றி, “முகத்தைப் பார்த்தீரா, பெயர் எப்படித் தெரியும்?” என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்க முடியாத இடத்துக்கு அவர் போய்விட்டார். ஆகவேதான் அந்த விதி.

மைத்துனர்தான் முதலில் தேறினார். “மச்சான், இதையும் சேத்துப் போடுவோம். ரெண்டு பக்கமும் போட்ட மாதிரி ஆச்சு. ஊரே வாங்கும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். இந்த முறை கேள்வியாகப் பார்த்தார். பாய் நாளைய சாட்சி, அவர் கூண்டில் ஏறுமுன் அவர் பேச்சை அச்சடிக்க முடியாது என்றேன். சரி, அவர் நாளைக்குக் கூண்டில் ஏறி இதைச் சொல்லட்டுமே என்றார் முதலாளி. சொல்ல விடமாட்டார்கள் என்றேன். வியாபாரி பேசியதைப் பற்றி ஏட்டு சொல்லக்கூடாது என்றால் பாயும் சொல்லக்கூடாது. நாம் விஷத்தை இன்றைக்கு அச்சடித்தால், முறிக்கிற மருந்தை நாளைக்குக் கொடுக்க கோர்ட்டில் வழியே இல்லை.

முதலாளி பாரத்தின் அருகே போனார். பிறகு கம்போசிட்டரிடம், “அதத் தூக்கிரு,” என்றார். ஒரு விரற்கடை நீளத்துக்கு ஓட்டை விழுந்தது. நிரப்ப எதுவும் தயாராக இல்லை. ஏற்கனவே மூன்றாம் பக்கத்தில் இருந்த பல்பொடி விளம்பரத்தை இங்கேயும் ஒரு முறை வைத்தார்கள். மைத்துனர் போஸ்டரைக் கிழித்துச் சுருட்டினார். “பல்பொடிக்காரன் ரெண்டாவதுக்குத் துட்டுத் தர மாட்டான், அதையும் சொல்லிட்டேன்,” என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. இப்ராகிம் பாய் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நாளைக்குக் கூண்டுல ஏறின ஒடனே மொதல்ல இதத்தான் சொல்லப்போறேன். நான் பண்ணின தப்ப நாந்தான் சரி பண்ணணும்.”

அவர் நல்ல மனதோடு கூண்டில் அதைச் சொல்லும் கணத்திலேயே, வியாபாரி ஒரு பெயரைச் சொன்னார் என்பது ஜூரிகளுக்குத் தெரிந்துவிடும். நீதிபதி தடுப்பதற்குள் பாதி வாக்கியம் வெளியே வந்திருக்கும். அந்தப் பாதியே போதும்.

நிருபர் வழக்கில் கலந்துகொள்ளலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது. ஆனால் பாயிடம் வக்கீலைப் பார்க்காமல் கூண்டில் ஏறாதீர்கள் என்று சொல்லலாம். மறுநாள் காலை கோர்ட் கூடுமுன் நான் அவரை வக்கீலிடம் அழைத்துப்போனேன். என் பங்கு அவ்வளவுதான்.

பாய் வெள்ளைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக வந்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். வக்கீல் முழுவதையும் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனது ஏட்டு வருவதற்கு முன்னாலா, பின்னாலா என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டார். பிறகு, “பாய், நான் ஒங்கள ஏத்தப் போறதில்ல,” என்றார்.

“நான் உண்மையத்தானய்யா சொல்லப்போறேன்?”

“உண்மைதான். ஆனா அதச் சொல்லணும்னா, செத்தவரு என்ன சொன்னாருன்னு நீங்க மொதல்ல சொல்லணும்.”

“அப்ப அதச் சொல்லல. அவன் நல்லவன்னு மட்டும் சொல்றேன்.”

“அதச் சொன்னாப் பழைய கேஸு வெளிய வரும். ஏட்டு சொன்னது உள்ள வந்திருந்தா அதுக்கும் துணிஞ்சிருப்பேன், இப்ப வேண்டாம்.”

சிக்கந்தர் பல வருடங்களுக்கு முன்னால் திருவிழாக் கூட்டத்தில் நடந்த ஒரு கைகலப்பில் கத்தியை எடுத்து ஜெயிலுக்குப் போனவர். இங்கேதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டாவது விதி இருக்கிறது. கூண்டில் நிற்பவர் முன்பு கெட்டவராக இருந்தார் என்று சர்க்கார் தரப்பு தானாகச் சொல்ல முடியாது. அந்தக் கதவு பூட்டியிருக்கும். சாவி எதிர்த்தரப்பிடம் இருக்கும். இவர் நல்லவர் என்று அவர்கள் ஒரே ஒரு சாட்சியைக் கொண்டுவந்தால் போதும், கதவு திறந்துவிடும். பிறகு பழைய ஜெயில், பழைய கத்தி எல்லாம் உள்ளே வரலாம்.

“அது வாலிபத்துல, கோபத்துல பண்ணினது. அதுக்கப்புறம் ஒரு ஈக்கும் அவன் தீங்கு நெனச்சதில்ல. அதையும் நானே சொல்லிருவேன்ல,” என்றார் பாய்.

“சொல்லுவீங்கன்னுதான் பயப்படுறேன்,” என்றார் வக்கீல்.

“அப்ப நான் எதுக்குத்தான் வந்தேன்?”

“ஜூரி கண்ணுல படாம அந்தத் தூணுக்குப் பின்னாடி உக்காருங்க. எந்திரிச்சிறாதீங்க.”

பாய் முகம் சுருங்கிப்போயிற்று. தன் பேட்டைக்காரனுக்காக நாலு பேர் முன்னால் நின்று பேசுவதுதான் அவருக்குத் தெரிந்த உதவி. பேசாமல் இருப்பதும் உதவி என்று அதுவரை அவருக்கு யாரும் சொன்னதில்லை. தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஜூரிகள் வந்தார்கள். மூன்றாவது நாற்காலிக்காரரின் சட்டைப் பையில் எங்கள் முந்தின நாள் பத்திரிகை மடித்துச் செருகியிருந்தது. பல்பொடி விளம்பரம் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சோற்றுத்தட்டில் கல் தட்டுப்பட்டதுபோல் இருந்தது. அந்த இடத்தில் முந்தின நாள் மாலை ஐந்தே கால் வரைக்கும் வேறு வரி இருந்தது.

எதிர்த்தரப்பில் சாட்சி இல்லை என்று வக்கீல் அறிவித்தார். சர்க்கார் வக்கீல் கெட்டிக்காரர். சாட்சிப் பட்டியலில் இருந்த பெயர் காணாமல் போனது அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசி வாதத்தில் ஜூரிகள் பக்கம் திரும்பி, “கோரிப்பாளையம் சின்ன இடமல்ல. அங்கிருந்து இவரைத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர்கூட இங்கே வரவில்லை,” என்றார்.

தூணுக்குப் பின்னால் அசைவு தெரிந்தது. இப்ராகிம் பாய் எழுந்து நின்றுவிட்டார். நான் இருந்த இடத்திலிருந்து அவர் பக்கவாட்டில் தெரிந்தார். வாய் திறந்திருந்தது. மகாலில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விதானம் அதை வாங்கி ஐந்து ஜூரிகளின் தலைமேலும் இறக்கிவிடும். கூண்டில் சிக்கந்தர் அவரைப் பார்த்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பவே இல்லை. அவர் கையிலிருந்த காகிதம் மட்டும் அப்படியே நின்றது.

பாய் தொப்பியைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டார். வந்த வழியே முற்றத்துக்கு இறங்கி, வெயிலில் நடந்து, பெரிய வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை கேட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சாட்சி கொண்டுவராதது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான ஆதாரம் ஆகாது என்று ஆட்சேபம் சொன்னார். நீதிபதி அதை ஏற்று, அந்தப் பேச்சை மனதில் வைக்க வேண்டாம் என்று ஜூரிகளிடம் சொன்னார். இதை நான் எழுதினேன். இதை ஜூரிகள் கேட்டிருந்தார்கள்.

நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சிக்கந்தர் அடித்தாரா இல்லையா என்று நான் இதுவரை சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. வண்டி ஆள் இல்லாமல் நின்றது உண்மை. அவர் எங்கே போயிருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு செய்தி எழுதப் பழகுங்கள். மற்றதெல்லாம் போகப்போக வரும்.

நீதிபதி ஜூரிகளுக்கு வழக்கை விளக்கிச் சொன்னார். அவர்கள் பக்கத்து அறைக்குள் போனார்கள். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒருமித்த முடிவா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றார் ஜூரித் தலைவர். இரண்டு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி மூன்று பேரின் முடிவை ஏற்றுக்கொண்டார்.